மஞ்ச வண்டியும் ரெண்டு பலகையும்

வாங்க கண்ணு, வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், இது ஆபீஸ் ரூம்தான். நாற்காலிய மட்டும் ஒரு தட்டுத் தட்டிட்டு உக்காருங்க. தேங்காநார் மில்லுன்னா எங்க கைய வெச்சாலும் தூசிதான். உங்க வண்டிய கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டீங்களா? நல்லதாப் போச்சு, உள்ள லாரி லோடு ஏத்திட்டிருக்குது. டிரைவரையும் உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க, வெயில்ல எதுக்கு. மஞ்ச வண்டி தெக்கால செட்டுல நிக்குது, துணி போத்தி வெச்சிருக்கறேன். பாக்கலாம், அவசரமில்லீங்க. அது எங்கயும் போயிராது. பதினாலு மாசமா எங்கயும் போகல.

நீங்க போன்ல ஒண்ணு கேட்டீங்க பாருங்க, "ஏனுங்க விக்கறீங்க"ன்னு. உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர்கூட அதக் கேக்கல. எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குது, டயர் எப்ப மாத்துனது, எங்கயாச்சும் அடிபட்டிருக்குதா, இதுதான் கேட்டாங்க. கோயமுத்தூர்ப் பையன் ஒருத்தன் வண்டி முன்னால சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துட்டு, அதோட போயிட்டான். நீங்க கேட்டீங்க. அதனாலதான் நேர்ல வாங்கன்னேன். இன்னொரு காரணமும் இருக்குது. எங்க வீட்ல, ருக்குமணி, காலையில தோசைக்கல்ல அடுப்புல வெச்சுட்டே சொல்லிப்போட்டா, "இன்னிக்கு வர்றவரையும் ஏதாச்சும் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புனீங்கன்னா, அந்த வண்டி மேல நானே சீமெண்ணெய ஊத்திருவேன்"ன்னு. செய்ய மாட்டா. ஆனா சொன்னா.

சரி, நீங்க கேக்க வந்ததுக்கு வர்றேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, வாங்குனா அதுக்குத் தகுந்த பிரயோஜனம் உண்டா. உள்ளதச் சொல்றேனுங்க. வித்துப்போடணுங்கறதுக்காகப் பொய் பேசற ஆள் நான் இல்ல.

ஜெர்மன் வண்டி. ரெண்டே சீட்டு. இஞ்சின் பின்னால, டிக்கி முன்னால. சாவியத் திருகுனா இங்க நார் அலசற பொம்பளைங்க இன்னமும் காதப் பொத்திக்குவாங்க. ஓட்டற சொகம் எப்படின்னு என்னக் கேக்காதீங்க, நான் ஓட்டுனதில்ல. எனக்கு ஜீப்பு வரும், டிராக்டர் வரும். காலை நீட்டிப் படுத்த மாதிரி ஓட்டறது எனக்குச் சரிப்படல. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு வந்திருக்கறேன், அவ்வளவுதான். ஏழு வருசம் உக்காந்துட்டு வந்திருக்கறேன்.

வாங்கற வெலையப் பெருசா நினைக்காதீங்க. வாங்குனதுக்கப்புறம்தான் இருக்குது சங்கதி. ஒரு தடவ தண்ணி பம்ப்பு போயி, சாமான் கப்பல்ல வர்றதுக்கு மூணு மாசம் ஆச்சு. சும்மா நிறுத்தி வெச்சீங்கன்னா பேட்டரி எறங்கிரும், டயர் ஒரு பக்கமாச் சப்பையாயிரும். அதனால தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மில்லுச் சங்கு ஊதுனதும் நானே போயி, ஒரு காலை உள்ள வெச்சு ஒரு காலை வெளிய வெச்சு, பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன். ஒரு நாள் தப்புனதில்ல. காய்ச்சலா இருந்தப்பக்கூடப் போனேன். ருக்குமணி தலையில அடிச்சுக்கிட்டா.

இருங்க. இருமல். ... ம். ஒண்ணுமில்லீங்க, தூசி. இருவத்தஞ்சு வருசத்துத் தூசி நெஞ்சுல இருக்குது. டாக்டர் மில்லுப் பக்கமே போகாதீங்கன்னாரு. மில்லுதான் என் பங்குக்கு வந்துச்சு, நான் எங்க போறது.

எதுல விட்டேன்? ஆமா, வண்டி. எல்லாத்தையும் விடப் பெரிய தொல்லை அதோட மூக்கு. தரைக்கும் மூக்குக்கும் நாலு விரல் இடம்தான். எங்க ஊர் ஸ்பீடு பிரேக்கர் எப்படி இருக்கும்னு வர்ற வழியில பாத்திருப்பீங்க. கவர்மெண்ட்டு போட்டது பாதி, ஊர்க்காரங்களாப் போட்டது பாதி. இங்கிருந்து மெயின் ரோட்டுக்குப் பதினொண்ணு. அதுல எட்ட கோணலா ஏத்தித் தாண்டிரலாம். மூணுல முடியாது. பள்ளிக்கூடத்து முன்னால ஒண்ணு, மாகாளியம்மன் கோயில்கிட்ட ஒண்ணு, தோப்பு வாசல்ல ஒண்ணு. அப்புறம் எங்க கேட்டு. கேட்டுக்கு முன்னால வாய்க்கால் போகுது பாருங்க, அதுக்காக மேடு கட்டியிருக்குது, அதுலயும் முடியாது. ஆக நாலு எடம். அந்த நாலு எடத்துலயும் பலகை போடணும்.

பலகைன்னா பலகைதான். ரெண்டரை அடி நீளம், வேங்கை மரம், ஒரு முனைய மட்டும் சீவியிருக்கும். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் ஒண்ணு. வண்டி மேட்டுக்கு முன்னால நிக்கணும். ஒரு ஆள் எறங்கி, டிக்கியத் தொறந்து, ரெண்டு பலகையும் எடுத்து சக்கரத்துக்கு நேரா வெக்கணும். வண்டி மூக்கத் தூக்கிட்டு மேல ஏறும். தாண்டுனதும் அந்த ஆள் பலகைய எடுத்து, மண்ணத் தட்டி, டிக்கியில போட்டுட்டு, மறுபடி வந்து உக்காரணும். ஆக இந்த வண்டிக்கு ரெண்டு ஆள் வேணும், கண்ணு. ஒருத்தன் ஓட்டறதுக்கு, ஒருத்தன் பலகை போடறதுக்கு. இத எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க.

ஓட்டுனது என் தம்பி. பலகை போட்டது நான்.

தம்பி பேரு தெய்வசிகாமணி. எனக்கும் அவனுக்கும் பதினொரு வயசு வித்தியாசம். அவன் ஏழாவது படிக்கறப்ப அப்பா போயிட்டாரு. அப்புறம் எல்லாம் நான்தான். பீஸ் கட்டுனதும் நான்தான், பொண்ணு பாத்ததும் நான்தான். அவன் எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லீங்க. போட்ட சோத்தத் தின்னான், சொன்ன வேலையச் செஞ்சான். நாப்பத்திரெண்டு வயசுல மொதல் மொதலா ஒண்ணு கேட்டான். போன்ல ஒரு படத்தக் காட்டி, "பெங்களூர்ல ஒருத்தர் விக்கறாராம்ணா, வாங்கலாமா?"ன்னான். மஞ்சக் கலர். பாத்தேன். "கிறுக்கா உனக்கு? ரெண்டு பேர்தான் உக்கார முடியும், ஊர்ல ரோடு இல்ல, இதுல ஒரு மூட்டை நாராச்சும் ஏத்த முடியுமா?"ன்னு கேட்டேன். சரிங்ணான்னு போனை மூடி பைக்குள்ள வெச்சுக்கிட்டான். அவ்வளவுதான். மறுக்கா பேசல.

பேசாம இருந்தான் பாருங்க, அது எனக்குத் தாங்கல. ரெண்டு நாள் கழிச்சு நானே, "வா, போயிப் பாத்துட்டாச்சும் வரலாம்"னேன். பெங்களூர் போனோம். அந்த ஆளு துணிய எடுத்தாரு. எந்தம்பி வண்டியத் தொடவே இல்லீங்க. சுத்திச் சுத்தி வந்தான், கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு. கோயில்ல சாமி சுத்தற மாதிரி. நான் மில்லு செக்குல கையெழுத்துப் போட்டேன். அதனாலதான் வண்டி மில்லுப் பேர்ல இருக்குது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கெளம்புவோம். உடுமலை ரோட்டுல போயி, ஒரு டீ குடிச்சுட்டு, திரும்பி வருவோம். ஒண்ணும் பேச மாட்டோம். போகறப்ப நாலு எடத்துல எறங்கிப் பலகை போடுவேன், வர்றப்ப நாலு எடத்துல. எனக்குக் கோவமா வரும். ஊருக்குள்ள மரியாதையா இருக்கற மனுசன், பள்ளிக்கூடத்து முன்னால குனிஞ்சு பலகை வெக்கறேன், பஸ்சுக்கு நிக்கறவங்க எல்லாம் சிரிக்கறாங்க. பால்காரன் ஒருத்தன், "என்னங்க வெள்ளிங்கிரியண்ணா, தம்பிக்கு ரோடு போடறீங்களா?"ன்னு வாரா வாரம் கேப்பான். நான் வைவேன். இவன் உள்ள உக்காந்து சிரிப்பான்.

எனக்கு எடது பலகை எப்பவும் கோணலாத்தான் போகும். எதனாலன்னு தெரியல. நானும் நேராத்தான் வெக்கறேன்னு வெப்பேன். இவன் வண்டிய ஆப் பண்ணி, எறங்கி வந்து, செருப்புக் காலால அத ஒரு தள்ளு தள்ளி நேர் பண்ணிட்டு, மறுபடி போயி உக்காருவான். ஏழு வருசமும் இதே. ஒரு தடவகூட "அண்ணா, கோணலா இருக்குது"ன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல.

காபி வந்துருச்சு, குடிங்க. சக்கரை கம்மியா இருந்தாச் சொல்லுங்க.

அப்புறம் பாகம் பிரிச்சோம். சண்டையெல்லாம் இல்லீங்க, அப்படி நினைச்சுராதீங்க. பசங்க பெருசாயிட்டாங்க, நாளைக்கு அவங்களுக்குள்ள சண்டை வந்துரக் கூடாது, நாம இருக்கறப்பவே பிரிச்சு வெச்சுருவோம்னு நான்தான் சொன்னேன். சண்டை வரக் கூடாதுன்னுதான் பிரிச்சது.

எங்க பக்கத்துல வழக்கம் என்னன்னா, மூத்தவன் பங்கப் பிரிச்சு எழுதணும், எளையவன் மொதல்ல எடுத்துக்கணும். அப்பத்தான் பிரிக்கறவன் ஏமாத்தாமப் பிரிப்பான். நல்ல வழக்கம். நான் ரெண்டு தாள்ல எழுதுனேன். ஒண்ணுல இந்த மில்லு, கூட இந்த வீடு. இன்னொண்ணுல தோப்பு, தோப்பு வீடு, வத்தாத கெணறு ரெண்டு. மதிப்புப் போட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆடிட்டரே பாத்துட்டு ஒண்ணுதான்னுட்டாரு. கணக்குல தப்பு இல்லீங்க.

மிச்சம் நின்னது வண்டி. மில்லுப் பேர்ல இருக்குதல்ல, எதுலயாச்சும் எழுதித்தானே ஆகணும்?

எனக்குத் தோப்பு வேணும். மறைக்கறதுக்கு என்ன இருக்குது. இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இந்தத் தூசியில கெடக்கறது. தோப்புல போயி, கெணத்து மேட்டுல கயித்துக் கட்டிலப் போட்டுட்டு, மூச்சு விட்டுட்டு இருக்கலாம்னு ஒரு ஆசை. ஆனா மொதல்ல எடுக்கறவன் அவன். அவன் தோப்ப எடுத்துட்டா? அதனால வண்டிய மில்லோட எழுதுனேன். வண்டிய விட்டுட்டு அவன் எங்கயும் போக மாட்டான்னு எனக்குத் தெரியும். வண்டி எங்கயோ அங்கதான் சிகாமணி. அதனால அவன் மில்ல எடுப்பான், எனக்குத் தோப்பு வரும். இதுல என்ன தப்பு? அவனுக்குப் புடிச்சது அவனுக்கு, எனக்கு வேண்டியது எனக்கு. நீங்களே சொல்லுங்க.

ஆச்சிபட்டியில எங்க தாய்மாமன் வீட்டுல வெச்சு, நாலு பேர் முன்னால. மேசை மேல ரெண்டு தாளும் இருக்குது. சிகாமணி ஒண்ண எடுத்துப் படிச்சான். வெச்சான். இன்னொண்ணப் படிச்சான். வண்டி எழுதியிருக்கற வரியில வெரல வெச்சான். வெரல எடுக்காமயே கேட்டான், "இத எதுக்குண்ணா இதுல எழுதுனீங்க?"

"எதுலயாச்சும் எழுதணுமில்ல"ன்னேன்.

என்னப் பாத்தான். நெம்ப நேரமெல்லாம் இல்ல. எனக்கு அந்தப் பக்கம் சுவத்துல இருந்த காலண்டர்ல ஏதோ பாக்கணும் மாதிரி இருந்துச்சு, பாத்தேன். திரும்பறதுக்குள்ள அவன் தோப்புத் தாள எடுத்து நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். மில்லுத் தாளு பேன் காத்துல பறந்துச்சு. கால்சட்டைப் பையில இருந்து வண்டிச் சாவிய எடுத்து அது மேல வெச்சான். "காத்துக்குப் பறக்குதுண்ணா"ன்னான். அவ்வளவுதான். மாமாகிட்ட மட்டும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான்.

அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. அழுகை வரல, கோவம் வரல. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ரசம் நல்லா இருக்குதுன்னுகூடச் சொன்னேன். ருக்குமணிதான் தட்ட எடுக்கறப்ப ஒரே ஒரு வார்த்தை கேட்டா, "தோப்பு வேணும்னு அவங்கிட்ட வாயத் தொறந்து கேட்டீங்களா?"ன்னு. மொதல்ல எடுக்கறவன்கிட்ட நான் போயி எப்படிக் கேக்கறது? வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்ல. பொம்பளைங்களுக்கு அது புரியாது.

ஒரு வாரத்துல தோப்பு வீட்டுக்குக் குடி போயிட்டாங்க. இங்கிருந்து ஒண்ணரை கிலோமீட்டர். வண்டிய சர்வீசுக்கு அனுப்பலாம்னு மில்லு டிரைவர எடுக்கச் சொன்னேன். பலகை எடுக்கலாம்னு டிக்கியத் தொறந்தா, பலகை இல்ல. ரெண்டும் இல்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வண்டிய விட்டுட்டுப் போனவன், பலகைய எடுத்துட்டுப் போயிருக்கறான்! அவன் வெச்சிருக்கறது ஜீப்பு, எந்த மேட்டுலயும் குதிச்சு ஏறும். அதுக்கு எதுக்குப் பலகை? தாள்ல வண்டின்னு எழுதுனா பலகையும் சேத்தித்தானே? பாத்தீங்களா புத்திய, ரெண்டு மரத்துண்டக்கூட விடலன்னு நான் சொல்லாத ஆள் இல்ல. தோப்புல வேலைக்குப் போறவங்க சொல்றாங்க, அந்த ரெண்டு பலகையும் வீட்டுக்குள்ள சாமிபடத்துக்குப் பக்கத்துச் சுவத்துல சாத்தி வெச்சிருக்குதாம். தொடைச்சு, எண்ணெய் போட்டு வெச்சிருக்கறானாம். எதுக்குன்னு எனக்கு வெளங்கல. வீம்புதான். வேற என்ன இருக்கப் போகுது?

ஆசாரிகிட்டச் சொன்னா அரை நாள்ல வேற ரெண்டு அடிச்சுக் குடுத்துருவான். நான் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? என் வண்டிப் பலகை இருக்கறப்ப நான் எதுக்கு வேற அடிக்கணும்? ஈரோட்டுக்காரர் ஒருத்தர், ஒரு லாரி கொண்டாந்து வண்டிய அப்படியே தூக்கி வெச்சு எடுத்துட்டுப் போயிர்றேன்னாரு. முடியாதுன்னுட்டேன். ஓடற வண்டி இந்த கேட்ட ஓடித்தான் தாண்டணும். பொணமா, தூக்கிட்டுப் போறதுக்கு?

மூணு மாசம் கழிச்சு மாமாவப் பாக்கப் போனேன். அவருக்கு ஒடம்பு சரியில்ல. கட்டில்ல படுத்துட்டே சொல்றாரு. "ஏண்டா வெள்ளிங்கிரி, பாகம் பிரிச்சதுக்கு முந்தின நாள் சிகாமணி இங்க வந்திருந்தான், தெரியுமா? அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லீங்க மாமா, நார்த் தூசி இனி ஆகாது. நாளைக்கு நான் மில்ல எடுத்துக்கறேன், தோப்பு அண்ணனுக்குப் போகட்டும். இப்பச் சொல்லிராதீங்க, சொன்னா அண்ணன் ஒத்துக்காதுன்னு சொல்லிட்டுப் போனான்டா"ங்கறாரு.

அவன் மில்லதான் எடுக்கறதா இருந்திருக்கறான். நான் வண்டிய எதுலயும் எழுதாம விட்டிருந்தாலும் எடுத்திருப்பான். தோப்போட எழுதியிருந்தாக்கூட எடுத்திருப்பான். எனக்குக் குடுக்கறதுக்குன்னு முடிவு பண்ணிட்டு வந்தவன், வண்டியக் காட்டி அவன இழுக்கற அந்த ஒரு வரியப் பாத்துட்டு மாத்திக்கிட்டான்.

இத மாமா அன்னிக்கே சொல்லியிருக்கலாமா இல்லையா? சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுக்கு வண்டிய மில்லோட எழுதப் போறேன்? தப்பு மாமா மேலதான். சிகாமணி மேலயும் இருக்குது. இவ்வளவு நல்ல எண்ணம் இருக்கறவன் எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? நானா வாயக் கட்டிப்போட்டேன்? கணக்குல தப்பு இல்லீங்க. நான் தெனமும் உக்காந்து பாக்கறேன், ஒரு தப்பும் இல்ல.

இருங்க. ... ம். தண்ணி, அந்தச் சொம்ப இந்தப் பக்கமாத் தள்ளுங்க. சரி, சரியாப் போச்சு.

இப்ப ருக்குமணி என்ன சொல்றான்னா, அந்த வண்டி இங்க நிக்கற வரைக்கும் அவன் இந்த கேட்டுக்குள்ள கால் வெக்க மாட்டான், வித்துத் தொலைங்கன்னு. நான் என்ன சொல்றேன்னா, அந்த வண்டி இங்க நிக்கற வரைக்கும்தான் அவனுக்கு இங்க வர்றதுக்கு ஒரு காரணம் இருக்குது. ஒரு நாளைக்கு ஆசை தாங்காம வருவான். "அண்ணா, சாவியக் குடுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்"னு கேப்பான். அதுக்குத்தான் அஞ்சு மணிக்கு அஞ்சு மணிக்கு இஞ்சினப் போட்டு வெக்கறது. காத்து மேக்க அடிச்சா சத்தம் தோப்பு வரைக்கும் போகும். வந்த ஆறு பேரையும் எதுக்குத் திருப்பி அனுப்புனேன்னு நினைக்கறீங்க? ஒருத்தன் போட்டோ எடுத்தான்னு சொன்னேன், ஒருத்தர் லாரி கொண்டாறேன்னாருன்னு சொன்னேன். அதெல்லாம் ஒரு சாக்கு. அவன் வர்ற அன்னிக்கு வண்டி இல்லாமப் போயிரக் கூடாது.

உங்களையும் அனுப்பிரலாம்னுதான் இருந்தேன். காபி குடுத்துட்டு, இந்த மூக்குப் புராணத்தச் சொல்லி, பலகையும் இல்லீங்கன்னு சொல்லி அனுப்பிரலாம்னு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீங்கன்னு யார் சொன்னாலும் நியாயம்தானே.

யாருங்க அது, உங்க டிரைவரா? கையில என்ன தூக்கிட்டு வர்றாரு?

இது... எங்கிருந்து கெடச்சுது உங்களுக்கு?

கோயில்கிட்ட நின்னு மஞ்ச வண்டிக்காரர் வீடு எதுன்னு கேட்டீங்களா. அப்ப தோப்புக்குத்தான் கைய காட்டியிருப்பாங்க. இந்த ஊர்ல மஞ்ச வண்டின்னா இன்னமும் அவன்தான். அது யார் தப்பும் இல்ல. அப்புறம்? நீங்க வண்டி வாங்க வந்திருக்கறேன்னு சொன்னீங்க. அவன் என்ன சொன்னான்?

உள்ள போயி இத எடுத்துட்டு வந்து குடுத்தானா. ரெண்டையுமா? "இது இல்லாம அந்த கேட்டத் தாண்டாது"ன்னானா. சரி. வேற என்ன சொன்னான்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க கண்ணு, லாரிச் சத்தத்துல கேக்கல.

"இஞ்சினப் பத்திக் கவலைப்படாதீங்க. தெனமும் அஞ்சு மணிக்குக் கேக்கறேன், சுத்தமா இருக்குது"ன்னானா.

தெனமுமா? அந்த வார்த்தையத்தான் சொன்னானா, தெனமும்னு?

கேட்டிருக்கறான். பதினாலு மாசமும் கேட்டிருக்கறான். கேட்டுட்டு வரல.

ஒண்ணுமில்லீங்க, உக்காருங்க. எனக்கு ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு மாதிரித்தான் இருக்குது, ஒண்ணுமே தோணல. பலகைய இங்க குடுங்க. ஆமா, எண்ணெய் போட்டுத்தான் வெச்சிருக்கறான். சீவுன முனை அப்படியே இருக்குது. இந்தத் தடம் பாருங்க, செருப்புல தள்ளித் தள்ளி ஓரம் தேஞ்சது. எடது பலகை இதுதான்.

வேற ஒண்ணும் சொல்லலையா? வர்றேன்னோ, அண்ணன் எப்படி இருக்குதுன்னோ? இல்ல, சும்மா கேட்டேன்.

ஓ. அதுவும் சொன்னானா. "பலகைய அண்ணனையே போடச் சொல்லுங்க. கோணலாத்தான் வெக்கும், பாத்து ஏறுங்க"ன்னு.

சரி கண்ணு. வண்டிய எடுத்துக்கோங்க. நீங்க போன்ல சொன்ன வெலையே இருக்கட்டும், அதுக்கு மேல நான் பேசல. அவன் பலகையக் குடுத்து அனுப்பிட்டான்னா, கொண்டுபோகச் சொல்லிட்டான்னுதானே அர்த்தம். இனி நான் அத வெச்சுக்கிட்டு யாருக்காகப் பாக்கறது? பேப்பரெல்லாம் இந்தக் கவர்ல இருக்குது. துணிய மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. ருக்குமணி, ஏ ருக்குமணி, இங்க வா, வண்டி போகுது!

மொதல்ல கொஞ்ச நேரம் ஓட விட்டு அப்புறம் எடுங்க. ம், பாத்தீங்களா சத்தத்த. மணி நாலரைதான் ஆகுது. அரை மணி நேரம் முன்னாடியே கேக்குதேன்னு பாப்பான்.

மெதுவா வாங்க. லாரிக்காரரே, கொஞ்சம் ஒதுங்குப்பா. அங்கயே நிறுத்துங்க, மேட்டுக்கு முன்னால. நான் வெக்கறேன். நீங்க கண்ணாடியில என்னப் பாக்க வேண்டாம், நேராப் பாருங்க. வலது... வெச்சாச்சு. எடது... இருங்க, இருங்க. ம், வாங்க.

நிறுத்துங்க. ஏன், கோணலா இருக்குதா?

இல்லீங்க, நீங்க எறங்காதீங்க. கதவச் சாத்துங்க. அதுக்கு நீங்க எறங்கக் கூடாது, அவன்தான் எறங்குவான். கொஞ்சம் பொறுங்க கண்ணு. நானே நேர் பண்ணிர்றேன்.